விளக்கேற்ற விடாத வெள்ளிக்கிழமை

மாடிப்படியில் கால் வைத்ததுமே ராஜலக்ஷ்மியின் மூக்கைத் துளைத்தது அந்த நாற்றம். அழுகின முட்டையும் தாரும் கலந்த மாதிரி. குழாய் வழியே அடுப்புக்கு காஸ் வரும் இந்த மாட்டுங்காக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்தே, அடுப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் எட்டி நின்றுதான் குச்சியை நீட்டுவாள். இன்று கறிகாய்ப் பையோடு ஏற ஏற, நாற்றமும் கூடிக்கொண்டே போயிற்று.

இருட்டிக்கொண்டு வந்தது. பழக்கத்தில் கை லைட் ஸ்விட்சுக்குப் போய்விட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஸ்விட்சில் பொறி பறக்கும் என்று அவள் புருஷன் சொல்லியிருந்தார்.

"பஞ்சு மாமா!" கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினாள். "காஸ் லீக்காறது! மருந்துக்கடைக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் பண்ணுங்கோ! யாரும் நெருப்புப் பத்த வைக்க வேண்டாம்னு சொல்லுங்கோ!"

பஞ்சு எல்லார் வீட்டு வாசலிலும் குரல் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அவளுக்கும் ஓடத்தான் கால் பரபரத்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை. மூன்றாம் மாடி அம்மிணி மாமி விளக்கேற்றும் நேரம். மாமிக்குக் காது மந்தம். போதாததற்கு ஜலதோஷம் வேறு, வாசனையும் தெரியாது.

மேலே ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் அறைந்தாள். பதில் இல்லை. யுத்தகால இருட்டடிப்புக்காகத் தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்திக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தாள் மாமி. உள்ளே எவ்வளவு காஸ் சேர்ந்திருக்குமோ! வராந்தாப் பக்கத்து ஜன்னல் மட்டும் ஒருக்களித்திருந்தது. தள்ளினாள். குப்பென்று முகத்தில் அடித்தது.

குத்துவிளக்கின் முன்னால், முதுகைக் காட்டியபடி மாமி. கையில் தீப்பெட்டி. ஒரு குச்சியை உரசினாள். மழைக்கால ஈரத்தில் மருந்து பொடிந்து உதிர்ந்தது. இன்னொரு குச்சியை எடுத்தாள்.

"மாமி! வேண்டாம்!" ராஜலக்ஷ்மியின் கத்தல் மாமியின் மந்தக் காதில் விழவில்லை.

வராந்தாவில் ஒரு பால்டி நிறையத் தண்ணீர் இருந்தது. எப்படித் தூக்கினாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு ஊடே அத்தனையையும் வீசினாள். மாமி, விளக்கு, தீப்பெட்டி எல்லாம் தொப்பலாக நனைந்தன.

"அடி பாவி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்குல ஜலத்தைக் கொட்டறயே!" என்று அலறிக்கொண்டு மாமி கதவைத் திறந்தாள். ராஜலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி ஃபிட்டர் சலாவுதீன் வந்து முதலில் கீழே இருந்த பெரிய வால்வை மூடினார். ஜன்னல்களையெல்லாம் திறந்து, நாற்றம் அடங்கும்வரை காத்திருந்தார். மாமியின் சமையலறைச் சுவரோரம் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அந்தத் துண்டை மாற்றி, வால்வைத் திறந்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. "இனிப் பத்த வைக்கலாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் பற்ற வைக்கவில்லை. அன்று கட்டடம் முழுவதும் அவலும் தயிரும்தான்.

நடந்ததையெல்லாம் அம்மிணி மாமியின் காதருகே கத்திச் சொன்னார் பஞ்சு. மாமி ஈரத்தலையோடு ராஜலக்ஷ்மியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டாவது குச்சி பத்தியிருந்தா..." என்றாள்.

மாமி ராஜலக்ஷ்மியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.