பாட்டு தணிந்த இடம்

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை விருந்து. அதற்குள் ஒரு கேபிள் வாங்கியாக வேண்டும்.

பூவிழி தட்டாஞ்சாவடியில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது, சவுண்ட் சர்வீஸ் ஷெட்டுக்குள் இளம்பரிதி ஒரு ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்து உள்ளே தூசி ஊதிக்கொண்டிருந்தான். அவள் கணவன் சிலம்பரசனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். டிஜே சிலம்பு என்றால் புதுச்சேரியில் தெரியாத மண்டபம் கிடையாது. அந்த சிலம்பின் கையில் முதன்முதலாக மைக்கைத் திணித்தவனே இவன்தான்.

"வா தங்கச்சி. எப்படி இருக்கான்?"

"கஞ்சிதான் இறங்குது. மீன் குழம்பு கேக்கறாரு."

"திமிரு குறையலல்ல? அப்ப பொழைச்சுக்குவான்."

அவள் சிரிக்கவில்லை. "டாக்டர் நேத்து சொல்லிட்டாருண்ணே. குரல்வளையை முழுசா எடுக்கணுமாம். உயிருக்கு பயமில்ல. பேச்சு வராது."

இளம்பரிதி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. வெளிய வந்ததும், 'ஞாயித்துக்கிழமை பொலெத் அம்மா வீட்டு விருந்துக்கு வாக்கு குடுத்துட்டேன், போறேன்'னாரு. அதோட சரி. அதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல." அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "அன்னிக்கு அவர் மைக்ல பேசறதை கம்ப்யூட்டர்ல பிடிக்கணும். என்ன சாஃப்ட்வேர், என்ன கேபிள், சொல்லுங்க."

"வீட்ல உக்கார வெச்சு போன்ல பேச வையேன்."

"வெச்சேன். 'நான் என்ன செத்தா போவப்போறேன்'னு தள்ளி விட்டுட்டாரு. வாட்ஸ்அப்ல தேடினா 'வந்துட்டேன்', 'சாவி எங்க', 'கதவைத் திற'. அவ்வளவுதான் இருக்கு. கல்யாண வீடியோவுல எல்லாம் ஸ்பீக்கர் பாக்ஸ் இரைச்சல். மைக்கைப் பிடிச்சாதாண்ணே அவர் அவரா பேசுவாரு. நான் மொதல்ல பார்த்தது அவர் மூஞ்சியை இல்ல. எங்க சித்தி பொண்ணு ரிசப்ஷன்ல ஸ்பீக்கர் வழியா வந்த குரலைத்தான்."

இளம்பரிதி எழுந்து அலமாரியைக் குடைந்தான். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

"இதைக் கேட்டுக்க. அவன் டிஜே சாஃப்ட்வேர்லயே ரெக்கார்ட் பட்டன் இருக்கு. அதை நம்பிடாத. அதுல பாட்டு மட்டும்தான் விழும். மைக் நேரா பாட்டைக் கலக்கற கன்சோலுக்குள்ள போயி ஸ்பீக்கருக்குப் போயிடும், கம்ப்யூட்டர் பக்கம் வரவே வராது."

"அப்புறம்?"

"கன்சோல் பின்னால 'ரெக் அவுட்'னு சிவப்பும் வெள்ளையுமா ரெண்டு ஓட்டை இருக்கும். பாட்டு, பேச்சு எல்லாம் கலந்து அங்கதான் வரும். அங்கிருந்து கேபிள், இந்த சின்ன சவுண்ட் கார்டுக்கு. இதுலருந்து யுஎஸ்பி, லேப்டாப்புக்கு."

"நேரா லேப்டாப் மைக் ஓட்டைல சொருகினா?"

"ஒரு காதுலதான் கேக்கும், அதுவும் கொரகொரன்னு. வேணாம்." அவளுடைய லேப்டாப்பை வாங்கி, காசில்லாமல் கிடைக்கும் ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ஏற்றினான். சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் காட்டினான். ஒரு மைக்கில் 'ஹலோ, ஹலோ' சொல்லி, திரையில் அலை எழும்புவதைக் காட்டினான்.

கிளம்பும்போது சொன்னான்: "எதுக்குன்னு அவன்கிட்ட சொல்லிடு தங்கச்சி."

"சொன்னா மைக்கைத் தொடவே மாட்டாரு."

* * *

பொலெத் அம்மாவின் பேத்தி அமேலி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. பிரான்சிலிருந்து மகன் குடும்பம் இதற்காகவே வந்திருந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் பிரெஞ்சிலும் மீதிப் பேர் தமிழிலும் ஒருவரையொருவர் குண்டாகிவிட்டாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பூவிழி கேபிளைச் சொருகிக்கொண்டிருக்கும்போது சிலம்பரசன் குனிந்து பார்த்தான்.

"இன்னா இது புதுசா?" குரல் ஏற்கெனவே மணலில் இழுத்த தகரம் மாதிரிதான்.

"நீங்க போடற மிக்ஸ் எனக்கு ஒண்ணு வேணும். வெச்சுக்கறதுக்கு."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் தலையாட்டினான்.

முதல் பாட்டு முடியும் முன்பே மைக் அவன் கைக்கு வந்துவிட்டது. பேசும்போதெல்லாம் இடது கையால் பாட்டின் ஒலியைக் குறைக்கும் ஃபேடரை இறக்குவான். பேசி முடித்ததும் ஏற்றுவான். வருஷக்கணக்கான பழக்கம்.

"அந்துவான் மாமா! பிரியாணியை விட்டுட்டு ஆட வாங்க. அது ஓடிப் போவாது. அத்தை ஓடிடுவாங்க!"

மண்டபம் சிரித்தது. திரையில் அலை எழும்பியது. பூவிழி திரைக்கு முன்னாலிருந்து நகர்ந்தாள்.

"ஏம்மா, நீ வந்து சாப்பிடு," என்று பொலெத் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "அவன் எங்கயும் போகமாட்டான்."

அவள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது.

மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கூடவே ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். சிலம்பரசன் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தான். புது கேபிளைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது.

ஒரு வினாடி யோசித்தான். பூவு கேட்டது மிக்ஸ். அதில் இந்த இரைச்சல் வேண்டாம். தன் குரலின் கரகரப்பும் எதற்கு? பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்கிறவர்களுக்கெல்லாம் அவன் இப்படித்தான் கொடுப்பான்: பேச்சில்லாமல், பாட்டு மட்டும், கண்ணாடி மாதிரி. அவளுக்கு மட்டும் மட்டமாகவா கொடுப்பது?

புது சாஃப்ட்வேரை மூடினான். 'சேமிக்கவா?' என்று கேட்டது. வேண்டாம் என்று தட்டினான். டிஜே சாஃப்ட்வேரின் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான். சிவப்புப் புள்ளி எரிந்தது.

பூவிழி கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது பாட்டு தணிந்தது.

"அடுத்த பாட்டு," என்றது ஸ்பீக்கர், "அமேலி பாப்பாவுக்கு இல்ல. பதினோரு வருஷமா எங்கூட பாக்ஸ் தூக்கினவ ஒருத்தி அங்க ஈரக் கையோட நிக்கறா. நான் பேசினதை எல்லாம் சகிச்சுக்கிட்டவ. இனிமே அவளுக்கு நிம்மதி. ஆனா இது மட்டும் கேட்டுக்க பூவு. எந்த மேடையில பேசினாலும் நான் உங்கிட்டதான் பேசினேன்."

கூட்டம் விசிலடித்தது. பொலெத் அம்மா கண்ணைத் துடைத்தார். பூவிழி தூரத்திலிருந்தே லேப்டாப்பைக் காட்டி, பதிவாகுதா என்று கையால் கேட்டாள்.

அவன் கட்டை விரலை உயர்த்தினான்.

* * *

தையல் பிரித்து வீட்டுக்கு வந்தபின் ஒரு மத்தியானம். சிலம்பரசன் கழுத்தில் துளை, அதன் மேல் மெல்லிய துணி. பேச வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவான்.

அவள் லேப்டாப்பைத் திறந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். ஒரு பாட்டு. அடுத்தது. பிறகு பாட்டு தணிந்தது.

ஒன்றுமில்லை.

பாட்டு மறுபடி ஏறியது. அவள் பின்னால் இழுத்துக் கேட்டாள். இறங்கியது. வெறுமை. ஏறியது. ஒலியைக் கூட்டினாள். அடியில் தாளம் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஃபைல் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

தோளில் ஒரு தட்டு. சிலம்பரசன் போனை நீட்டினான்.

'சுத்தமா இருக்கா? உன் கேபிள்ல இரைச்சல் வந்துச்சு. கழட்டிட்டு நம்ம சாஃப்ட்வேர்லயே எடுத்தேன். உனக்குன்னு.'

கண்ணில் அப்படி ஒரு பெருமை.

பூவிழி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "ரொம்ப சுத்தமா இருக்குங்க," என்றாள்.

அவன் ஹெட்ஃபோன் ஒயரை உருவிவிட்டான். பாட்டு அறைக்குள் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டினான். அந்த இடம் வந்தது. பாட்டு தணிந்ததும் அவனுடைய இடது கை தானாக இறங்கியது. உதடுகள் அசைந்தன. 'அடுத்த பாட்டு...' கழுத்துத் துணி மட்டும் உப்பி உப்பி அடங்கியது. ஒரு சொல்கூடப் பிசகாமல், பாட்டு ஏறுகிற நேரத்துக்குச் சரியாக முடித்தான்.

அவள் அந்த உதடுகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டி, பாட்டை அதே இடத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

பாட்டு தணிந்தது. இந்த முறை அவன் உதடு அசையவில்லை. தாளம் தட்டிய கை நின்றுவிட்டது. அவளையும், மேசை ஓரத்தில் சுருட்டிக் கிடந்த அந்த சிவப்பு வெள்ளைக் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தான்.

பாட்டு ஏறியது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.