ஏழு மணித் தண்ணீர்

மழையளப்பவர் மலையில் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தால், எண்பது கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டுச் சமையல் மேடையில் இருந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. மலையில் அவர் வைத்த பாத்திரம் சில்லென்றே இருந்தது. மண்ணெண்ணெய் வரத்து நின்றுபோன வருடம் இது தொடங்கியது. பதினாறு இடங்களில் இருந்த மழைமானிகளைப் பார்த்துக் குறித்துவர அவருக்குப் பத்து நாளாகும். முதுகுப்பையில் போகும் சின்னப் பித்தளை அடுப்புக்காக, பழச்சாறு ஆலையில் அழுகல் பழத்தைக் காய்ச்சி வடித்த ஸ்பிரிட்டைக் கேட்டு வாங்கினார். அடுப்பை அதற்குத் தோதாக மாற்றியது மனைவி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள், பொடி வேலைக்குப் பழகிய கை. ஸ்பிரிட்டுக்குச் சூடு குறைவென்று, எரிபொருள் பீறிடும் ஜெட்டின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். ரப்பர் வாஷர் ஊதிப்போகும் என்று தோல் வாஷர் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டாள். பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது, ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் மஞ்சளாகத் தெரியும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

உப்பைத் தூவினார், தீ மஞ்சளாக ஆடியது, கையை உள்ளே விட்டார், ஒன்றும் சுடவில்லை. பத்து நாளும் பச்சைத் தண்ணீர் குடித்துத் திரும்பி வந்து புலம்பியவரிடம், அவள் வில்லையைத் துடைத்தபடியே சொன்னாள்: "இங்க தினமும் காலையில ஏழு மணிக்குத் தண்ணி தானா கொதிக்குது. நான் மேடையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்." இருவரும் நேரத்தை ஒத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அதன்பிறகு அவர் தன் சாப்பாட்டைச் சுள்ளி பொறுக்கிச் சமைத்துக்கொண்டார், ஏழு மணிக்கு அவளுக்காக ஸ்பிரிட்டைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்தால் ஆள் நலம். பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார், தன் தம்பி மலையிலிருந்தே மனைவிக்கு வெந்நீர் போடுகிறான், தன் வீட்டுக்காரருக்குச் சமையலறை எந்தத் திசை என்றே தெரியாது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காம் வருடம் ஒன்பது நாள் விடாமல் பெய்து மலைப்பாதை சரிந்தது. மேலே மாட்டிக்கொண்டவரை ஆறு நாள் தேடிவிட்டு, தேடலை நிறுத்தப் போவதைச் சொல்ல மீட்பு அதிகாரி காலையிலேயே வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் உட்காருங்கள், ஏழாகப் போகிறது என்றாள் அவள். தண்ணீர் கொதித்தது. அதிகாரி மேடையைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. அவள் போட்டுக்கொடுத்த டீயை முழுசாகக் குடித்துவிட்டு, தேடலைத் தொடரும்படி போனில் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு ஒரு நிமிடம்கூடக் கொதிக்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அங்கே ஸ்பிரிட் தீர்கிறது. சுள்ளியெல்லாம் நனைந்திருக்கும், பையிலிருக்கும் நொய்யைப் பச்சையாகத் தின்ன முடியாது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவருக்காக அவளுக்குப் பயம் வந்தது, கோபமும் வந்தது. "எனக்கு டீ போடத்தானா அவரு பட்டினி கெடக்குறாரு?" என்றாள் நாத்தனாரிடம். பரணிலிருந்து, அவர் முன்பு மலைக்கு எடுத்துப்போன பழைய அடுப்பை இறக்கி, ஜெட்டைக் கம்பியால் குத்தி அடைப்பெடுத்து, கேனில் மிஞ்சியிருந்த ஸ்பிரிட்டை ஊற்றிக் காற்றடித்துப் பற்றவைத்தாள். உப்பைத் தூவிவிட்டுத் தீயில் கையை வைத்தாள். கிணற்றுநீர்போல் குளிர்ந்தது. அப்போதுதான் உட்கார்ந்தாள்.

மலையில், பாறை இடுக்கில், அணைந்த அடுப்பின் மேல் ஊறிக்கொண்டிருந்த நொய் கொதிக்க ஆரம்பித்தது. பொங்கி வரும் நேரத்தில் சூடு தானாகத் தணிந்ததைப் பார்த்ததும், அது யார் கை என்று மழையளப்பவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று வேளை அப்படிச் சூடு வந்தது. ஐந்தாம் நாள் கயிறு கட்டி இறங்கிவந்த மீட்புக்காரர்கள் எலும்பும் தோலுமாக ஓர் ஆளை எதிர்பார்த்து வந்தார்கள். அவர் அவர்களுக்கும் ஆளுக்கொரு குவளை சூடான கஞ்சி கொடுத்தார். உடல்நிலை நன்று, சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அதிகாரி அறிக்கையில் எழுதினார். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஓர் அடுப்பு சமையலறையில், இன்னொன்று மொட்டை மாடியில். கீழே டீ வேண்டுமென்றால் ஒருவர் மேலே போய்ப் பற்றவைக்க வேண்டும். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவள் வாஷரை மாற்றுகிறாள். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களும் உண்டு. அன்றைக்கும் ஏழு மணிக்கு யாராவது ஒருவர் படியேறிவிடுகிறார்கள்.