சத்தம் போன படம்

வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஸ்டுடியோவுல மெஷின் பாக்குறாரு" என்று சொல்லிவிடுவாள் சகினா. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அதே பதில்தான். உண்மையில் காதர் எந்த மெஷினையும் தொட்டதில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையில் ஓடும் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு சத்தம் போடுவதுதான் அவன் வேலை. படத்தில் யாராவது நடந்தால் இவன் நடப்பான். யாராவது யாரையாவது அறைந்தால் இவன் தன் தொடையில் அறைந்துகொள்வான். குதிரை ஓடினால் மண் நிரப்பிய தட்டில் கொட்டாங்கச்சியைத் தட்டுவான். எஃபெக்ட்ஸ் என்று சினிமாக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ராயப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டிலிருந்து சாமான்கள் அடிக்கடி காணாமல் போகும். முறம் போகும், பழைய தாழ்ப்பாள் போகும். சண்டைக் காட்சியில் எலும்பு முறிகிற சத்தத்துக்காக ஒருமுறை சமையலுக்கு வாங்கி வைத்த கேரட் முழுவதும் போனது. சகினா தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கத்துவாள். காதர் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

தொண்ணூற்றாறு ஜூலையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் குட்டு வெளிப்பட்டது. காதரின் வேலையைத் தெரிந்துவைத்திருந்த ஒருத்தன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம காதர் பாய் கொட்டாங்கச்சி தட்டி சம்சாரத்தக் காப்பாத்துறாருப்பா" என்று இரண்டு டம்ளர்களை மோதிக் காட்டினான். பந்தியே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் சகினா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள். சகினாவின் அண்ணன் கலீமுல்லா அங்கேயே ஒரு முடிவெடுத்தார். பெரியமேட்டில் தோல் கிடங்கு வைத்திருந்தவர் அவர். "மச்சான் என்கிட்ட சூப்பர்வைசரா வந்துடட்டும். கௌரவமான வேலை. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வரைக்கும் டயம் தரேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

சகினாவுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. காதர்தான் பிடிகொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றான். கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கண்டிப்பாகக் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு அண்ணனுக்கு இன்னா சொல்றது?"

"சாயங்காலம் சொல்றேன். மந்தவெளியில ஏதோ படம் போடுறாங்களாம். நம்ம ஸ்டுடியோ இன்ஜினியர் ரகுபதி சார் நோட்டீஸ் குடுத்தாரு. நீயும் வா. முடிஞ்சதும் அப்படியே உங்கக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்."

அக்கா வீடு மந்தைவெளியில்தான். அக்காள் மகளுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆரோரூட் மாவு இரண்டு பொட்டலம் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சகினா கிளம்பினாள்.

ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில்தான் படம். ஐம்பது, அறுபது பேர் இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், பனியன் தெரிகிற சட்டையில் ரிடையரான பெரியவர்கள், மடிசாரில் ஒரு மாமி. நோட்டீஸில் "இசை" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கச்சேரி என்று நினைத்து வந்தவர்களும் இருந்தார்கள். சகினா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியின் பெயர் கோமளம் என்பதை மாமியே சொன்னாள்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற நீரஜா என்ற பெண்தான் தன் ஃபிலிம் சொசைட்டி சார்பில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தாள். அவள் மைக்கில், "இன்னிக்கு மூணு குறும்படம். எல்லாமே வெளிநாட்டுப் படம். சத்தத்த வெச்சு என்னென்ன பண்ணலாம்னு பாத்தவங்களப் பத்தினது. புரியலேன்னா சிரிங்க, தூங்காதீங்க" என்றாள். அம்பி என்கிற ஒல்லியான மனிதர் பதினாறு எம்.எம். புரொஜெக்டரை ஓடவிட்டார்.

முதல் படத்தில் ஒருவர் பியானோவைத் திறந்து கம்பிகளுக்கு நடுவே திருகாணிகளையும் ரப்பர் துண்டுகளையும் செருகி வாசித்தார். தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல இருந்தது. "பாவம், அந்தப் பொட்டி என்ன தப்பு பண்ணித்து?" என்றாள் கோமளம் மாமி. இரண்டு வரிசை சிரித்தது.

இரண்டாவது படம் தொடங்கியதும் சகினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடுவயதுப் பெண் ஒருத்தி டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே சுற்றினாள். முட்டைக்கோஸ் நறுக்குகிற சத்தம், கீல் துருப்பிடித்த கதவு, துணி உதறுகிற சத்தம், எல்லாவற்றையும் பிடித்தாள். டேப்பைக் கத்திரித்து ஒட்டினாள். கடைசியில் பெரிய அரங்கத்தில் கோட்டுப் போட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சகினா திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். காதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. பதினோரு வருஷத்தில் அவனை அப்படி அவள் பார்த்ததில்லை.

மூன்றாவது படம் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'டப்' என்றது. படம் ஓடியது, சத்தம் போய்விட்டது. அம்பி நிறுத்தி, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சவுண்டு லேம்ப் ஃபியூஸாயிடுத்து, மேடம். படத்தோட ஓரத்துல இருக்கற சத்தத்தப் படிக்கறதே அந்த லேம்ப்தான்."

"வேற இல்லையா, அம்பி?"

"கைவசம் இல்ல. ஞாயித்துக்கெழம கடையும் இருக்காது."

நீரஜாவின் முகம் விழுந்துவிட்டது. தூதரகத்துக்கு நாலு மாசம் கடிதம் எழுதி வாங்கிய படங்கள். மறுநாள் காலையில் பெட்டி டெல்லிக்குத் திரும்பப் போக வேண்டும். "சத்தத்தப் பத்தின படத்த சத்தமில்லாம எப்படிக் காட்றது? மன்னிச்சுக்குங்க..." என்று அவள் மைக்கில் ஆரம்பித்தபோது ரகுபதி எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம். காதர், நீங்க பண்ணலாமே?"

"சார், சும்மா இருங்க சார்" என்றான் காதர்.

"இவர் எஃபெக்ட்ஸ் பண்றவர். இருபது வருஷமா இதான் வேலை" என்று ரகுபதி எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். சகினாவுக்குக் காது சுட்டது. கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. இப்போது சிரிப்பார்கள் என்று குனிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நீரஜா காதர் அருகில் வந்தாள். "முடியுமா சார்?"

அவளைப் போன்ற ஒரு பெண் தன்னை சார் என்றதில் காதர் தடுமாறினான். "ஒருவாட்டி சும்மா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, மேடம். பாத்துட்டுச் சொல்றேன்."

ஓடியது. எட்டு நிமிஷப் படம். அதில் பேச்சே கிடையாது. வெள்ளை வெளேரென்று பனி மூடிய ஊரில் ஒருவர் கையில் குச்சியோடு நடக்கிறார். இரும்புக் கிராதியில் குச்சியை இழுக்கிறார். பாலத்தைத் தட்டுகிறார். குழாயில் சொட்டும் தண்ணீரிடம் காது கொடுக்கிறார். கடைசியில் உறைந்து கிடக்கும் ஏரியில் கல்லை வீசிவிட்டு நின்று கேட்கிறார். அவ்வளவுதான்.

விளக்குப் போட்டதும் காதர் எழுந்தான். கூச்சம் போயிருந்தது. "கிராதிக்கு இந்த ஜன்னல் கம்பி போதும். சொட்டுத் தண்ணிக்கு சொம்பு வேணும். ஆனா பனி மேல நடந்தா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்ல. இங்க யாராச்சும் பனில நடந்திருக்கீங்களா?"

கோமளம் மாமி கையைத் தூக்கினாள்.

"நான் நடந்திருக்கேன். பொண்ணாத்துல அமெரிக்காவுல ஆறு மாசம் இருந்தேன். பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும்னு நெனைச்சுண்டு கால வெச்சா, அது அப்படி இல்ல. பல்லக் கடிக்கற மாதிரி ஒரு சத்தம். கறுக் கறுக்னு. சொல்லத் தெரியல. மாவு மூட்டைய அழுத்தினா வருமே, அது மாதிரி."

"மாவுன்னா எந்த மாவும்மா? அரிசி மாவா, மைதாவா?"

மாமி விழித்தாள். சகினா தன் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். காலையில் கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் கொடுத்தபோது விரல்களுக்கு நடுவே அது முனகியது அவளுக்கு நினைவு வந்தது. ஒன்றை எடுத்து மாமியின் காதருகே வைத்து மெதுவாக அழுத்தினாள்.

மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதேதான்! இதேதான்டீம்மா!"

சகினா எழுந்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நடந்துபோய்ப் பொட்டலங்களைக் காதரிடம் நீட்டினாள். "ஆரோரூட்டு" என்றாள். காதர் அழுத்திப் பார்த்தான். அவன் கண் விரிந்தது. "ஒண்ண உன் கைக்குட்டையில, இன்னொண்ண என்னோடதுல கட்டு. இடது காலு, வலது காலு."

பிறகு ஹாலே வேலை செய்தது. கீழே காவலாளி வீட்டிலிருந்து சொம்பு வந்தது. மைக்கை ஸ்டாண்டோடு தரைக்கு இறக்கினார்கள். காதர், காலியாகக் கிடந்த பிலிம் டப்பாவின் மூடியை எடுத்து அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரலால் தட்டிச் சாய்த்துப் பார்த்தான். பாத்திரம் கழுவும்போது தட்டு பாடுமே, அந்த மாதிரி ஒரு சத்தம் நீண்டு வளைந்தது. "ஏரிக்கு இது" என்றான்.

அம்பி மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

பனியில் அந்த மனிதர் நடந்தார். மைக்குக்கு முன்னால் மண்டியிட்டிருந்த காதர், கண்ணைத் திரையில் வைத்தபடி இரண்டு கைகளாலும் நடந்தான். கறுக், கறுக், கறுக். ஆகஸ்ட் மாசப் புழுக்கத்தில் ஹாலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். மெல்ல மெல்ல விசிறிகள் நின்றன. கிராதிக் காட்சி வந்தபோது ஒரு கல்லூரிப் பெண் ஜன்னல் கம்பியில் ஸ்கேலை இழுத்தாள். ஒரு கம்பி முந்திவிட்டாள். யாருக்கும் அது உறுத்தவில்லை. சொம்பில் தண்ணீரைச் சொட்டவிட்டவள் சகினா. அந்த மனிதர் ஒரு இடத்தில் வழுக்கிவிழுந்தார். முன்பு பார்த்தும் காதருக்கு அது மறந்துவிட்டது. கொஞ்சம் தாமதமாகத் தரையில் கையால் அறைந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கடைசியில் ஏரி. கல் பறந்தது. காதர் மூடியைத் தட்டி மெல்லச் சாய்த்தான். அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியே கிளம்பி ஹாலின் கூரைவரை போய் வளைந்து தேய்ந்தது. உண்மையான ஏரி அப்படித்தான் பாடுமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. படம் முடிந்து வெள்ளைத் திரை வந்தது.

பிறகு கைதட்டினார்கள். முதலில் எழுந்து நின்றது அம்பிதான்.

கூட்டம் காதரைச் சூழ்ந்துகொண்டது. "அப்போ நான் பாக்கற படத்துல எல்லாம் நடக்கறது நீங்கதானா?" என்று கேட்டாள் கோமளம் மாமி.

"நெறையப் படத்துல நான்தாம்மா."

"ஹீரோயின் கொலுசு போட்டுண்டு ஓடி வருவாளே?"

"அதுவும் நான்தாம்மா" என்றான் காதர் வெட்கத்தோடு.

சகினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் பையில் குதிகால் வைத்த லேடீஸ் செருப்பைப் பார்த்து, அவள் இரண்டு நாள் சமைக்காமல் இருந்திருக்கிறாள். அளவு பெரிதாக இருக்கிறதே என்று அப்போது தோன்றவில்லை.

நீரஜா சகினாவிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ரொம்பத் தேங்க்ஸ்மா. இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா இதோட சொசைட்டிய மூடியிருப்பேன்."

சகினாவும் நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள். எதற்கு என்று எப்படிச் சொல்வது? தன் புருஷனை சார் என்று கூப்பிட்டதற்கா? இத்தனை வருஷம் தான் மறைத்ததை வெளிச்சத்தில் வைத்து ஒருவரும் சிரிக்காமல் இருந்ததற்கா? "அடுத்த மாசமும் படம் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்டிப்பா."

அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் புதிதாக ஆரோரூட் வாங்கினார்கள். பழைய பொட்டலங்கள் கிழிந்து மாவு கைக்குட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. கடையை விட்டு இறங்கும்போது காதர், "சாயங்காலம் சொல்றேன்னு சொன்னேன்ல..." என்று தொடங்கினான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் சகினா. "அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் பெரியமேட்டுக்குத் தனியாகவே போனாள். கலீமுல்லா டீ வரவழைத்தார். "இன்னா, மச்சான் எப்போ வராரு?"

"வரலண்ணே. அவரு அங்கேயே இருக்கட்டும். நீ எங்களுக்காக யோசிச்சே, அத நான் மறக்க மாட்டேன். ஆனா அவரு வேலை நல்ல வேலைண்ணே. எனக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

"நாலு பேரு சிரிக்கிறாங்களேம்மா?"

"சிரிக்கட்டும். நானும் இத்தன நாளு வாயால சிரிக்காம உள்ளாற சிரிச்சுக்கினுதான் இருந்தேன்."

அண்ணனுக்குக் கோபம்தான். ரம்ஜான்வரை சரியாகப் பேசவில்லை. பெருநாளன்று பிரியாணி கொடுத்தனுப்பினார். பிறகு எல்லாம் பழையபடி ஆனது.

அதற்கு முன்பே, அந்தச் செப்டம்பரில் நீரஜாவின் தபால் அட்டை வந்தது. 'திரு. காதர், திருமதி சகினா' என்று இருவர் பெயரும் எழுதியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காதருக்கு ரிக்கார்டிங் இருந்தது. சகினா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடித்துவைத்துவிட்டுத் தனியாகவே மந்தைவெளிக்குப் போனாள்.

வாசலில் நின்ற அம்பி, "சார் வரலையா?" என்றார்.

"அவருக்கு வேலை இருக்குது. ஒரு கல்யாண வீட்டு சீனு. இருநூறு பேரு நடக்கணுமாம்."

"அடேங்கப்பா! நீங்க உள்ள போய் உக்காருங்கோ. மாமி எடம் போட்டு வெச்சிருக்கா."

கோமளம் மாமி தன் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்தாள். சகினா உட்கார்ந்தாள்.

"உங்க ஆத்துக்காரர் என்ன பண்றார்னு இவ கேட்டுண்டே இருக்கா" என்று மாமி முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள்.

சகினா அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.