ஒர்த்தான்ஸ் அம்மாள் வீட்டுச் சோலைமந்தி

என் பெயர் தியாகராசன், வயது இருபத்திரண்டு. வால்பாறையிலிருந்து வந்து, காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் அல்பேர் ஐயா வீட்டில் சமையல் வேலை பார்க்கிறேன். இது வனக்காவலரான என் அக்காள் கணவருக்கு எழுதும் கடிதம்.

மாமா, தப்பு என்னுடையதுதான். ஐயாவுக்கு இழுப்பு. போன மாதம் மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது, எங்கள் மலையில் இதற்குக் கருங்குரங்கு லேகியம் சாப்பிடுவார்கள் என்று உளறிவிட்டேன். அவர் மனைவி ஒர்த்தான்ஸ் அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். வால்பாறைத் தேயிலை லாரி ஓட்டும் முகைதீன் பிச்சையிடம் ஒன்று பிடித்துவரச் சொல்லிவிட்டார். நேற்று, செவ்வாய்க்கிழமை, கூண்டு வந்து இறங்கியது.

மூடியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தேன். கறுத்த முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். சோலைமந்தி, சிங்கவால் குரங்கு!

வைத்தியர் குஞ்சிதபாதம் கத்தியோடு நின்றார்.

"இது அந்தக் கொரங்கு இல்லீங்க. அதுக்கு வால்ல குஞ்சம் இருக்காது," என்றேன்.

"லேகியத்துல வாலையா போடப்போறேன்? கறுப்பாத்தானேடா இருக்கு?"

"மாத்திக் குடுத்து ஐயாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பாங்க?"

வைத்தியர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

"அப்ப வெட்ட வேணாம்," என்றார் அம்மாள். "ஞாயித்துக்கிழம அம்பகரத்தூர் காளி கோயில்கிட்ட விட்டுருவோம். தேங்கா பழம்னு யாராவது போடுவாங்க."

"மாதா கோயிலுக்குப் போறவ காளிக்குக் காணிக்கை விடுறாளா?" ஐயா இழுப்புக்கு நடுவிலும் சிரித்தார்.

"கிளைக்குக் கிளை தாவியே பழகுனதுங்க, மதாம். இங்க வயல் நடுவுல ஒத்த ஒத்தத் தென்னதான். தரையில நடந்தா நாய் விடாது," என்றேன்.

"கொரங்குக்கு மரம் ஏற நீ பாடம் எடுக்குறியா? போய் மீனக் கழுவு."

நேற்று ஒரு நாவல் பழம் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தது. பிறகு கொட்டையைச் சிமெண்டுத் தரையில் துப்பியது. நம் சோலையில் அது துப்புகிற இடத்தில் கன்று முளைக்கும். அது இல்லாவிட்டால் தாய்மரத்தடியிலேயே விழுந்து மக்கும். இன்று பழத்தைத் தொடவேயில்லை. மூலையில் சுருண்டு கிடக்கிறது.

லாரியிலேயே திருப்பி அனுப்பலாம் என்றால், முகைதீன் பிச்சை வேறு வைத்தியருக்கு விற்றுவிடுவாரோ என்று பயம். இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்குள் உங்கள் கைக்குக் கிடைக்குமா, தெரியவில்லை. அதுவரை இது உயிரோடு இருக்குமா, அதுவும் தெரியவில்லை.

என்மேல் கேஸ் போட வேண்டியிருந்தால் போடுங்கள் மாமா. சனிக்கிழமைக்குள் வந்து இதைச் சோலைக்குக் கொண்டுபோய் விடுங்கள்.