மேஜர் வீட்டு உப்பு

பாலம் வெடிக்கவில்லை. அதற்காக யாராவது ஒருவனைச் சுட்டாக வேண்டும். மேஜர் இபெக்வே, அதைத் தகர்க்க வேண்டியிருந்த சார்ஜென்ட் கிளீட்டஸைத் தேர்ந்தெடுத்தார்.

நைஜீரியப் படையின் கவச வண்டிகள் சந்தைக்குப் போகிறவர்களைப் போல அவசரமே இல்லாமல் பாலத்தைக் கடந்து வந்தன. இக்கரைப் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களிடம் ஆளுக்கு ஐந்து தோட்டா இருந்தது. அது தீர்ந்ததும் ஓடினார்கள். ஓடாதவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள். நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற எங்கள் பியாஃப்ராவின் வானொலி மட்டும் நாம் தோற்றோம் என்று சொல்லவே இல்லை. அந்தப் போரில் எந்த ஊரும் தளபதிகளின் முட்டாள்தனத்தால் விழுந்ததில்லை. ஒவ்வொரு ஊர் விழும்போதும் காட்டிக்கொடுத்தவன் ஒருவன் அகப்படுவான். அவனுக்குப் பெயர் சாபோ. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அவன் வீட்டு அடுப்பிலிருந்து யாரும் கொள்ளிகூட எடுக்கமாட்டார்கள்.

கிளீட்டஸின் மனைவி உரிதியா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பாலத்தடி ஊர் விழுந்ததும் பின்வாங்கி வந்த படைக்கு இப்போது அதுதான் முகாம். வாசலில் நின்ற காவல்காரன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாளைக்குக் காலையில, மதினி. பெரிய அதிகாரி பார்க்க வர்றாராம்."

அவள் நேராக உக்பாலாவிடம் ஓடினாள். உக்பாலா அந்த ஊர்ப் பெண்களின் தலைவி, எண்ணெய் வியாபாரி, பெருத்த உடம்புக்காரி. உரலில் மரவள்ளி இடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பொம்பளைங்கள எல்லாம் கூட்டுங்க. அந்த மேஜர் மேல உக்காரணும். வாசல்லயே உக்காந்து, பாடிப் பாடியே மானத்த வாங்கணும்."

"எதுக்குடி? பொண்டாட்டியப் போட்டு அடிச்சானா? நம்ம தோட்டத்துல ஆட்டை விட்டு மேய்ச்சானா?"

"என் புருஷனச் சுடப் போறான்."

"அது ஆம்பளைங்க விவகாரம். சாபோவுக்காக நான் உலக்கை தூக்கினா நாளைக்கு நானும் சாபோ." உக்பாலா இடிப்பதை நிறுத்தவில்லை. "டார்ச் லைட் வச்சிருந்தான், சாபோன்னு அந்த வாத்தியார ரோட்டுல போட்டு அடிச்சாங்களே, அப்ப நீயும் கல்லெடுத்தவதானே? அவனுக்கும் பொண்டாட்டி இருந்தா."

உரிதியா திரும்பி நடந்தாள். எடுத்தவள்தான்.

முகாமின் பின்பக்கம் லாரி நின்றது. அதன் நிழலில் ஓட்டுநர் லின்னஸ் கள்ளுக் குடுக்கையோடு சாய்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தான்; கால் ஒத்துழைக்கவில்லை.

"பாலத்துல வெடி கட்டியாச்சு, திரிதான் வரலன்னு எங்க வீட்டுக்காரர் ஆளனுப்பிக்கிட்டே இருந்தாரு. திரி எங்க போச்சு லின்னஸ்?"

"என் வண்டியிலதான் இருந்துச்சு." அவன் மூக்கை உறிஞ்சினான். "கிளம்புற நேரத்துல மேஜர் வந்து, 'பெட்டியெல்லாம் இறக்குடா, எங்க வீட்டுச் சாமானை ஏத்து'ன்னார். பிரிஜ், கட்டில், கிராமபோன். அதுக்கு ஒரு ஊரையே குடுத்துட்டார் மனுஷன்."

"இதப் போய்ச் சொல்லேன்."

"யார்கிட்ட? அவர்கிட்டதானே சொல்லணும்? நானும் சாபோ ஆயிடுவேன். விடு தாயே." பிறகு, குடித்தவனுக்கு வரும் தாராளத்தோடு அவனே சொன்னான்: "உங்க உப்பையும் ஏத்தினேன். கட்டிலுக்கு அடியில."

உரிதியா அங்கேயே நின்றாள். கடல் வழி அடைபட்ட நாளிலிருந்து உப்பு என்பது கேள்விப்படுகிற பொருளாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் தங்கள் அடுக்களையிலிருந்து ஆளுக்கொரு சிட்டிகை கிள்ளி, பதுங்குகுழிக்காரர்களுக்கென்று ஒரு மூட்டை சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கடைசியாக வீட்டுக்கு வந்தபோது கிளீட்டஸ், "உப்பில்லாம அங்க சாப்பிடறது வெறும் வெந்நீர்" என்றான். பொய் சொல்கிறான் என்று அவள் சண்டை போட்டாள்.

அவள் மறுபடி உக்பாலாவிடம் போனாள். இந்தத் தடவை புருஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை. உப்பைப் பற்றி மட்டும் சொன்னாள்.

உலக்கை நின்றது.

உச்சி வெயிலில் பெண்கள் வந்தார்கள். முகத்தில் சாம்பல், தலையில் பனங்குருத்து, கையில் உலக்கை. ஒரு கிண்ணத்தை ஒவ்வொருத்தியும் இடுப்பில் செருகியிருந்தாள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி உட்கார்ந்து, உலக்கையால் சுவரை இடித்துக்கொண்டே பாடினார்கள்.

"மேஜர் போருக்குப் போனாராம், எங்க போனார்?
கட்டிலைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனார்!
எதிரி வந்தப்ப என்ன செஞ்சார்?
பிரிஜைத் திறந்து காத்து வாங்கினார்!"

பிரிஜ் போனதை ஊரே பார்த்திருந்தது. காவல் நின்ற சிப்பாய்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். உப்பில்லாமல் தின்றவர்கள் அவர்கள். ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் தரையில் தாளம் போடத் தொடங்கினான்.

மேஜர் வெளியே வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது. "இது ராணுவ முகாம்! எல்லாரும் கலைஞ்சு போங்க!"

"முகாமா ஐயா?" என்றாள் உக்பாலா. "உப்புக் கடைன்னு சொன்னாங்களே."

"உப்பைப் பத்திரமா இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்."

"அந்தப் பாலத்தையும் அப்படியே பத்திரமா எடுத்து வச்சிருக்கலாமே!"

சிப்பாய்கள் இப்போது வாய்விட்டுச் சிரித்தார்கள். மேஜர் அவர்களைப் பார்த்தார். ஒருவனும் வாயை மூடவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. வீட்டிலிருந்து மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். முக்கால்வாசி மிச்சமிருந்தது. உப்பைக் கண்டதும் பாட்டு தானாக நின்றது.

கிண்ணம் கிண்ணமாக அளந்து போட்டார்கள். எல்லாக் கிண்ணமும் நிறைந்தால் வழக்குத் தீர்ந்தது, எழுந்து போகலாம். ஒரு கிண்ணம் குறைந்தாலும் யாரும் எழக் கூடாது. அது அவர்கள் முறை. உரிதியா தன் கிண்ணத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"வாங்கித் தொலைடி" என்று பக்கத்துக்காரி கிள்ளினாள். "பிள்ளைங்க வீட்டுல காத்துக்கிட்டு இருக்கு."

"இதுக்குத்தான் உப்பு உப்புன்னு வந்தியா?" உக்பாலா பல்லைக் கடித்தாள். "சாபோ பொண்டாட்டி எங்களையே வித்துட்டாளே!"

எத்தனை வைதாலும் உரிதியா கிண்ணத்தை நிமிர்த்தவில்லை. முறையை மீறி எழவும் ஒருத்திக்கும் துணிவில்லை. கடைசியில் உக்பாலா முனகிக்கொண்டே மேஜரிடம் சொன்னாள்: "ஒரு கிண்ணம் கவுந்து கெடக்கு ஐயா. நாங்க இங்கேயேதான் இருப்போம். நாளைக்கும்."

"அவளுக்கு என்னதான் வேணும்?"

உரிதியா எழுந்தாள். "இன்னொரு பாட்டு இருக்குங்க ஐயா. லாரியில கட்டில் ஏறினப்ப எது இறங்குச்சுன்னு. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாராமே, அவர் முன்னாடி பாடட்டுமா?"

மேஜரின் பார்வை பின்பக்கம், லாரி நின்ற திசைக்குப் போய்த் திரும்பியது.

"சார்ஜென்ட் மேல ஆதாரம் போதல" என்றார். "கூட்டிட்டுப் போ."

கிளீட்டஸுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறுநாள் விடிந்ததும் அவள் கீரைக் குழம்பு வைத்தாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"உப்பு?"

அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு சிட்டிகை கேட்டாள்.

"உன் பங்குக்குத்தான் புருஷன வாங்கிக்கிட்டியே. அவர நக்கிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக்காரி கதவைச் சாத்தினாள்.

உரிதியா வெறுங்கையோடு திரும்பும்போது பள்ளிக்கூடத்துப் பக்கம் துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. கிளீட்டஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"நான்தான் வந்துட்டேனே? யார இப்பச் சுடறாங்க?"

பெரிய அதிகாரி வந்திருப்பார். வந்தவருக்கு ஒரு சாபோவைக் காட்டியாக வேண்டும். கட்டில் ஏறியபோது எது இறங்கியது என்று மேஜரைத் தவிர லாரி ஓட்டிய ஒருத்தனுக்குத்தான் தெரியும். அதை மேஜருக்கு நேற்று எல்லார் முன்னாலும் நினைவுபடுத்தியவள் அவள்தான்.

"தெரியல" என்றாள். "ஆறுறதுக்குள்ள சாப்பிடு."