கேட்காமல் எடுத்த குரல்

திருச்செங்கோடு போகும் டவுன் பஸ்ஸில் சௌந்திரம் தன் குரலையே கேட்டாள். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திம் திம்மென்று ஏதோ அடித்தது. அதன்மேல் ஒருத்தி இங்கிலீஷில் மூச்சு விடாமல் பொழிந்துகொண்டே போனாள். சட்டென்று எல்லாம் நின்று, "நா எங்க போறது சாமி, எங்க போறது" என்று சௌந்திரத்தின் அழுகை கேட்டது. பெண்கள் சரியாக அந்த இடத்தில் தோளைக் குலுக்கி ஆடினார்கள். சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

பாடியவள் மதுமதி. சௌந்திரத்தின் தம்பி தமிழரசு லண்டனுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன், அவனுடைய மகள். பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் மாடி பஸ்ஸில் பையன்களோடு போட்டி போட்டு ராப் பாடத் தொடங்கியவள், சின்னச் சின்ன கிளப்புகளில் பாடி, இப்போது மழையிலும் கலையாத கூட்டம் நிற்கிற மைதானங்களில் பாடுகிறாள். ஒருமுறை டிவியில் அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டாள். உன் நாட்டுக்கே போ என்று முன்பின் தெரியாதவர்கள் வாரக்கணக்கில் எழுதினார்கள். அந்த நாட்களில் அவள் அத்தைக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவாள். சௌந்திரம் மாட்டுக் கொட்டகையில் நின்றபடி பதில் சொல்வாள். நேரில் பார்த்துக்கொண்டது கொஞ்சம்தான் என்றாலும், புருஷன் கைநீட்டுவதை சௌந்திரம் சொன்ன ஒரே ஆள் மதுமதிதான். அப்படி ஒரு மத்தியானம் அனுப்பிய அழுகைதான் பாட்டுக்குள் போயிருந்தது.

அந்தப் பாட்டுக்கு அங்கே விருது கொடுத்தார்கள். சௌந்திரம் அனுப்பிய இளம்பிள்ளைத் தறிப் பட்டுச்சேலையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக மேடையேறிய மதுமதி, "இது என் அத்தையின் குரல்" என்றாள். ஊர் எல்லையில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் எழுந்தது. கட்டியது சௌந்திரத்தின் புருஷன் அப்புசாமியேதான். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர், நாலு ஊரில் தெரிந்த முகம். அது புருஷனிடம் அடிபடுகிற அத்தையைப் பற்றிய பாட்டு என்று யாரோ ஒருவன் தமிழில் அர்த்தம் எழுதிப் போட்ட பிறகு ஃபிளெக்ஸ் காணாமல் போனது. சௌந்திரத்தின் செல்போன் பீரோவுக்குள் போனது. அதற்கப்புறம் அவர் அவளை அடிக்கவில்லை. பேசவும் இல்லை. அடிக்காமல் இருந்தது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெங்களூர்க் கச்சேரி முடிந்து மதுமதி காரில் தனியாக வந்தாள். அப்புசாமி வாசலுக்கே போய் அழைத்து வந்தார். காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அது யாரோ நடிக்கறவீங்க கொரலுன்னு ஒரு வீடியோ போட்டுரு சாமி. உங்கத்தையே சொல்லட்டும். பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். கூடி வந்த எடத்துல வேண்டாம்னுட்டாங்க."

மதுமதி அத்தையைப் பார்த்தாள். "நீங்க சொல்றதச் செய்யறேன் அத்தை."

இந்த வார்த்தையைப் பாட்டுப் போடுமுன் சொல்லியிருக்கலாம் என்று சௌந்திரம் நினைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள். மதுமதி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் அப்புசாமி நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து அவர் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில்தான் இருந்தது.

"எம் பேரு சௌந்திரமுங்க. அந்தப் பாட்டுல வரது..." அப்புசாமியை விட்டுச் செல்போனை நேராகப் பார்த்தாள். "எங் கொரலுதானுங்க. எங்க ஊட்டுக்காரரு அடிச்ச அன்னைக்கி அழுதது. அடிக்கறதுக்கு அவரும் என்னையக் கேக்குல. பாட்டுல போடறதுக்கு இந்தப் புள்ளையும் கேக்குலீங்க."

அப்புசாமியின் கை உயர்ந்தது. செல்போன் அந்தக் கணமே அவர் பக்கம் திரும்பியது. கை அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

மதுமதி செல்போனை இறக்கினாள். "உங்களுக்காகத்தான் பாடுனேன் அத்தை. எல்லாரும் கேக்கட்டும்னு."

"கேட்டாங்க சாமி. பஸ்ஸுல ரெண்டு புள்ளைக ஆடுச்சுக."

மதுமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே, "கெளம்புங்க அத்தை. எங்கூட வந்துருங்க. கார் நிக்குது" என்றாள்.

சௌந்திரம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். கையை நீட்டினாள். "அதக் குடு. போடறதா அழிக்கறதான்னு நாந்தான் சொல்லோணும்."

மதுமதி தயங்கிப் பிறகு கொடுத்தாள். சூடேறியிருந்த அந்தத் திரையில், பாதி வார்த்தையில் வாய் திறந்தபடி சௌந்திரமே இருந்தாள். இத்தனை வயதாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போர் வண்டி உறுமியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மதுமதி எழுந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பெரிய லாரி பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து, அவள் காருக்கும் ரோட்டுக்கும் நடுவே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சின் அணையவில்லை.

சௌந்திரம் செல்போனை இறுக்கிப் பிடித்தபடி வாசற்படிக்கு வந்தாள். டீசல் புகைக்கு நடுவே, டிரைவர் சீட்டிலிருந்து அப்புசாமி அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.