ஹாரன் அடிக்காத நாலு நாள்

என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஹாரன். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு சத்தம் போட்டிருப்பேன். பெயரில் தப்பில்லை. கிளட்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொள்கிறவனின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு மெல்லப் பேச வராது. மெல்லப் பேசிக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதை மூடிவிட்டார்கள்.

கீழே ஸ்கூல், மாடியில் வீடு. வீட்டுக்காரர் போன பிறகு மாடியில் நான் மட்டும்தான். பகலெல்லாம் கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லோருமே போவதற்காக வருகிறவர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஒரு பெட்டி சாக்லெட் கொடுப்பார்கள். அப்புறம் எப்போதாவது தெருவில் பார்த்தால் கார் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் மாடி ஏறினால் திட்டுவதற்கு ஃப்ரிட்ஜைத் தவிர யாரும் கிடையாது. அதையும் திட்டியிருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி போனில், "குடும்பத்தோட திரும்பி வந்துடலாம்னு இருக்கோம்க்கா, எந்த ஊர்னுதான் முடிவு பண்ணலை" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது, அக்கா இருக்கிற ஊர் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். என் தங்கையும் அதையேதான் நினைத்தாள். என்ன செய்வது, அவளும் அவனுக்கு அக்கா, அவள் இருப்பது வேறு ஊர்.

தங்கையை எங்கள் வீட்டில் தேன் என்றுதான் கூப்பிடுவோம். குரலை உயர்த்தாமலே காரியத்தைச் சாதித்துக்கொள்கிற ஜாதி. சின்ன வயதில் சண்டை போட்டது இரண்டு பேரும், அடி வாங்கியது நான் மட்டும். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய பார்க் வேறு இருக்கிறது.

தம்பிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. எந்த ஊரானாலும் ஒன்றுதான். அவன் மனைவிக்குக் காது பரிசோதிக்கிற வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ஊர் ஆஸ்பத்திரியிலும் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். "அவ சொல்றதுதான்க்கா" என்று தம்பி கழன்றுகொண்டான். ஆக, நான் ஜெயிக்க வேண்டியது அவளிடம். ஒரு வாரம் தேன் வீட்டில் தங்கிவிட்டு என் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு.

கிளம்புவதற்கு முன்னால் தம்பி போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. எங்க பில்டிங்ல குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க கதவைக்கூட சத்தமில்லாமத்தான் சாத்துவாங்க. இவளும் குழந்தைங்களும் அப்படியே பழகிட்டாங்க. அதனால நீ கொஞ்சம்..."

"நான் கொஞ்சம்?"

"வால்யூமைக் குறைச்சுக்கோயேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் ஆசை யாரை விட்டது. அன்றைக்கே தெருவில் இறங்கினேன். எதிரே டயர் கடைக்காரர், பக்கத்தில் டுப்ளிகேட் சாவி போடும் அண்ணன், என்னிடம் வேலை பார்க்கும் மெக்கானிக் எல்லோரையும் கூப்பிட்டு, என் தம்பி குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை ஒருத்தர் வாயைத் திறக்கக் கூடாது என்று கத்திச் சொன்னேன். டயர் கடைக்காரர், "மத்தவங்க இருக்கட்டும், நீங்க எப்படிம்மா?" என்றார். முறைத்ததில் அடங்கிவிட்டார்.

அப்புறம் ஸ்கூல் வாசலுக்கு வந்தேன். மேட்டில் வண்டி எடுக்கப் பழக்குவதற்காக என் வாசல் தெருவைப் பார்த்துச் சரிவாக இருக்கும். நிற்கிற வண்டி உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட்டிருப்போம். எண்ணெயும் மண்ணும் அப்பிய பழைய மரக்கட்டைகள், பார்க்கவே கண்றாவியாக இருந்தன. "எடுத்துப் பின்னால போடு" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "மேடம், சரிவு..." என்று இழுத்தான். "ஹேண்ட்பிரேக் எதுக்கு இருக்கு?" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, கட்டை இருந்த இடத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

வந்து இறங்கினார்கள். தம்பி மனைவி இடுப்பில் கைக்குழந்தை. அவள் பின்னால் ஒளிந்துகொண்டு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, பெரிய கண்ணும் சின்ன முகமுமாக. பார்த்ததுமே சுண்டெலி என்று பெயர் வைத்துவிட்டேன். தூக்கிக் கொஞ்சி, கன்னத்தைக் கிள்ளி, தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் மெல்லிய குரலில் "வாம்மா" என்று மட்டும் சொன்னேன். அது, "தேங்க் யூ அத்தை" என்று கிசுகிசுத்தது. குழந்தை பேசுகிற பேச்சா அது!

அந்த நாலு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் மாணவர் ஒருவர் பயிற்சிக்கு வைத்த கூம்புகளை ஒன்றுவிடாமல் சாய்த்தார். "பரவாயில்லைங்க, மெதுவா வாங்க" என்றேன். மனிதர் வெலவெலத்துப்போய் வண்டியை நிறுத்திவிட்டு, "மேடம், உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டார். இன்னொரு அம்மா, தன்னைத் தேறாத கேஸ் என்று நான் கைகழுவிவிட்டதாக நினைத்து அழவே தொடங்கிவிட்டார்.

சுண்டெலி கொஞ்சம் கொஞ்சமாகத் துணிந்தது. டயர் கடையிலிருந்து ஒரு டயரைத் தெருவில் உருட்டிவிட்டது. கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, "குழந்தைதானே, விளையாடட்டும்" என்றார். தம்பி மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் பால்கனியில் துணி மடிக்கும்போது கேட்டாள்.

"இந்தத் தெருவுல யாரும் சத்தமே போட மாட்டாங்களா அண்ணி?"

"மூச்! அந்தப் பேச்சுக்கே இடமில்லை."

"குழந்தைங்க சேட்டை பண்ணாக்கூடவா?"

"சேச்சே. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு."

"ஓ" என்றாள். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

மூன்றாம் நாள் தம்பி மாடிப்படியில் நின்று தேனிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "அவளுக்கு உன் ஊர்தான் பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன். இங்கே என்னவோ ஒட்டலைங்கிறா. ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள முடிவு சொல்லிடுறோம்." சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாயைக் கட்டியும் தோற்றுவிட்டேனே என்று இருந்தது. இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள், லைசென்ஸ் வாங்கியவர்களைப் போல.

மறுநாள் காலையில் நான் அலுவலக அறைக்குள் இருந்தேன். தம்பி மனைவி வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ 'கடக்' என்று கேட்டது. இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம். ஹேண்ட்பிரேக்கை இறக்குகிற சத்தம். எட்டிப் பார்த்தால், சரிவில் நின்ற வெள்ளைக் காரின் டிரைவர் சீட்டில் சுண்டெலி. ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றி மட்டும் தெரிகிறது. வண்டி ஒரு பூந்தொட்டியை நொறுக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து நகர்கிறது. கேட் திறந்திருக்கிறது. வெளியே ஆபீஸ் நேரத்துப் போக்குவரத்து.

நாலு நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"பிரேக்கூ! பிரேக்கைப் போடு!"

கத்திக்கொண்டே ஓடினேன். கற்றுக்கொடுக்கிற வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து, ஏறி உட்கார நேரமில்லாமல், தலைகுப்புற உள்ளே விழுந்து அந்த பிரேக்கை இரண்டு கையாலும் அமுக்கினேன். கேட்டைத் தாண்டி, பாதி வண்டி தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது.

தெருவில் சத்தமே இல்லை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் பால் வேன் நின்றுகொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் பல் டாக்டரின் கார், அதற்கும் பின்னால் இரண்டு கார்கள், எல்லாமே நட்ட நடுவில் அப்படி அப்படியே நின்றிருந்தன. எல்லா டிரைவர்களையும் எனக்குத் தெரியும். அத்தனை பேரும் என்னிடம் படித்தவர்கள். நான் கத்தினால் அவர்கள் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே காலுக்கு எட்டிவிடும்.

சுண்டெலியைத் தூக்கி வெளியே நிறுத்தினேன். கை கால் எல்லாம் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தேன்.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? நாலு முழம் வளரலை, அதுக்குள்ள வண்டி கேக்குதா? இனிமே அந்தக் கதவுல கை வச்சே, தோலை உரிச்சுடுவேன்! ஏம்மா, நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே? ஊர்க் காதெல்லாம் பாத்தா போதுமா, பெத்த பிள்ளையைப் பாக்க வேணாமா? எங்கடா அவன், கம்ப்யூட்டருக்குள்ளயே குடித்தனம் பண்றவன்?"

பஸ் டிரைவர் இறங்கி வந்து சுண்டெலியின் காதைத் திருகுவது போல் பாவனை செய்து, "பாப்பா, லைசென்ஸ் எங்கே?" என்று அதட்டினார். டயர் கடைக்காரர், "அன்னைக்கு என் டயரை உருட்டினப்பவே ரெண்டு அதட்டு அதட்டியிருக்கணும், இந்தம்மாவாலதான் சும்மா இருந்தேன்!" என்று கொதித்தார். சாவிக்கார அண்ணன், "எல்லா வண்டிச் சாவியையும் ஆணியில மாட்டுங்க, இல்லேன்னா என்கிட்ட குடுங்க!" என்றார். என் மெக்கானிக்குக்கே தைரியம் வந்துவிட்டது. "கட்டையை எடுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா மேடம்? பூந்தொட்டியா வண்டியை நிறுத்தும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். சுண்டெலி என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கிற மாதிரி ஓவென்று அழுதது. நாலு நாளில் முதல் தடவையாக அது குழந்தை மாதிரி அழுததைக் கேட்டேன்.

தம்பி மாடியிலிருந்து ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா..." என்றான். என் வால்யூம் தெரிந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

திரும்பி அவன் மனைவியைப் பார்த்தேன். கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"அண்ணி, இவ்வளவு நாளா இந்தக் குரலை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"அது... உங்களுக்குப் பிடிக்காதுன்னு தம்பிதான்..."

"போன வருஷம் இவ எங்க பில்டிங் படியில உருண்டு விழுந்தா. நாலு கதவு திறந்துச்சு. பாத்தாங்க. திரும்பச் சத்தமில்லாம சாத்திக்கிட்டாங்க. கெட்டவங்க இல்லை அண்ணி, அடுத்த வீட்டு விஷயம்னு ஒதுங்கிக்கிறாங்க. நான் வேலையிலயும் பொழுதுக்கும் மெல்லிசா ஏதாவது கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன், வீட்டுக்கு வந்தாலும் அதேதான். என் பிள்ளையை உரிமையா ஒரு அதட்டு அதட்ட ஆள் இருக்கிற ஊருக்குப் போயிடணும்னுதான் கிளம்பினேன். இங்கே வந்தா, நீங்களும் விருந்தாளி மாதிரியே நடத்துறீங்க. நாங்க வர்றது உங்களுக்கு இஷ்டமில்லையோன்னு நினைச்சேன்."

எனக்கு இஷ்டமில்லையா! அவளைக் குழந்தையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எங்கள் நடுவில் மாட்டிக்கொண்ட கைக்குழந்தை என் மூக்கை எட்டிப் பிடித்தது. பின்னால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் போகலாமா என்று மணி அடித்தார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். "அண்ணியை மெல்லப் பேசச் சொல்லி யாருங்க உங்களைக் கேட்டா?" தம்பி நொறுங்கிய பூந்தொட்டியைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அவர்கள் என் ஊருக்கே வருகிறார்கள் என்று தேனுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். "நல்லதுக்கா, எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள் தேனொழுக. அப்புறம் போனை வைக்கப் போகும்போது, "பார்க் இருந்தும் விட்டுட்டேனே!" என்று முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். கேட்க நன்றாக இருந்தது.

பின்தெருவிலேயே வீடு பார்த்துக் குடிவந்துவிட்டார்கள். முட்டுக்கட்டைகள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன. சுண்டெலியை இப்போது தெருவில் நாலு பேர் கூப்பிடுகிறார்கள், ஏழு பேர் அதட்டுகிறார்கள்.

போன வாரம் மத்தியானம் ஒரு புதுப் பையனை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கிளட்சை விட்டு விட்டு என் உயிரை வாங்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் கேட் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணீ! மணி என்ன ஆச்சு? சாப்பிடாம கிளாஸ் எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சொன்னா காதுல விழாதா?"

ஆஸ்பத்திரி உடுப்போடு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். என் பக்கத்தில் இருந்தவன் நடுங்கிப்போய் பிரேக்கை மிதித்துவிட்டான். வண்டி மேட்டிலேயே அசையாமல் நின்றது.

"யாரு மேடம் அவங்க?" என்றான், மெல்ல.

"எங்க வீட்டு ஆளு" என்றேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன்.